ஆஞ்சியோ ரிப்போர்ட்டில் அடைப்பு எங்கே இருக்கிறது? ஒரே வரியில் எழுதும் முறை

அப்பாவின் ஆஞ்சியோ ரிப்போர்ட்டை இன்னொரு இதய மருத்துவரிடம் போனில் விவரிக்க வேண்டி வந்தபோது நான் கற்றுக்கொண்டது இது. வீட்டில் எல்லோரும் ‘90 சதவீதம்’ என்பதையே பிடித்துக்கொண்டு பயந்தோம். மருத்துவர் கேட்ட முதல் கேள்வி, “எந்தக் குழாய், எந்த இடம்?” சிகிச்சையை முடிவு செய்வது அவர்கள் வேலை. இடத்தைச் சரியாகச் சொல்வது நம்மால் முடியும்.

1. டாமினன்ஸ்

ரிப்போர்ட்டில் ‘ரைட் டாமினன்ட்’ அல்லது ‘லெஃப்ட் டாமினன்ட்’ என்று இருக்கும். பலர் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள், போகாதீர்கள். இதயத்தின் அடிப்பக்கத்துக்கு ரத்தம் தரும் பி.டி.ஏ. கிளை வலது குழாயிலிருந்து வந்தால் ரைட். பெரும்பாலானோருக்கு இதுதான். இடப்பக்கக் குழாயின் கிளையான சர்கம்ஃப்ளெக்ஸிலிருந்து வந்தால் லெஃப்ட். அடைப்புகள் எவ்வளவு சிக்கலானவை என்பதை எண்ணால் மதிப்பிடும் சின்டாக்ஸ் ஸ்கோர் போடும்போது ஆர்.சி.ஏ.வின் (வலது குழாயின்) தொடக்கப் பகுதிக்கு ரைட் என்றால் மதிப்பு 1, லெஃப்ட் என்றால் 0.

2. குழாய்

இடப்பக்கம் லெஃப்ட் மெயின். அது எல்.ஏ.டி. (இதயத்தின் முன்பக்கம் இறங்கும் குழாய்), சர்கம்ஃப்ளெக்ஸ் என்று பிரியும். சிலருக்கு நடுவில் ரேமஸ் என்று மூன்றாவது கிளையும் உண்டு. வலப்பக்கம் ஆர்.சி.ஏ. தனியாகக் கிளம்பும். டி1, டி2 என்பவை எல்.ஏ.டி.யின் டயகனல் கிளைகள்; ஓ.எம்.1, ஓ.எம்.2 என்பவை சர்கம்ஃப்ளெக்ஸின் கிளைகள்.

3. பகுதி

எனக்கு அதிக நேரம் பிடித்தது இந்தப் படிதான். ப்ராக்ஸிமல் (தொடக்கம்), மிட் (நடு), டிஸ்டல் (கடைசி) என்றதும் குழாயைச் சமமாக மூன்றாகப் பிரித்திருப்பார்கள் என்று தோன்றும். அப்படி இல்லை. எல்.ஏ.டி.யில் கிளைகள்தான் எல்லை. தொடக்கத்திலிருந்து முதல் பெரிய செப்டல் கிளை (இதயத்தின் நடுச்சுவருக்குள் போவது) வரை ப்ராக்ஸிமல். அங்கிருந்து ஏறக்குறைய இரண்டாவது டயகனல் பிறக்கும் இடம் வரை மிட். மிச்சம் டிஸ்டல். ஆர்.சி.ஏ.வில் கணக்கே வேறு: குழாயின் வாயிலிருந்து இதயத்தின் வலது விளிம்பு வரை உள்ள தூரத்தில் முதல் பாதி ப்ராக்ஸிமல், அடுத்த பாதி மிட். விளிம்பைத் தாண்டி பி.டி.ஏ. பிரியும்வரை டிஸ்டல்.

செப்டலா டயகனலா என்று வீடியோவில் எப்படிப் பார்ப்பது? செப்டல் கிளைகள் நடுச்சுவருக்குள் நேராக இறங்கும், இதயம் துடிக்கும்போது அதிகம் அசையாது. டயகனல் பக்கவாட்டில் ஓடும், நன்றாகவே ஆடும்.

இன்னொரு சிக்கல். சி.டி. ஆஞ்சியோவுக்கான 2014ஆம் ஆண்டு எஸ்.சி.சி.டி. (இதய சி.டி. நிபுணர்கள் சங்கம்) வழிகாட்டுதலில் செப்டல், முதல் டயகனல் இரண்டில் எது முன்னால் வருகிறதோ அதுவே ப்ராக்ஸிமலின் எல்லை. ஆக, டயகனல் முன்னால் பிறந்து, அதற்கும் செப்டலுக்கும் நடுவில் அடைப்பு இருந்தால், சி.டி.யில் அது ‘மிட்’, குழாய்க்குள் மெல்லிய கதீட்டர் விட்டு எடுக்கும் வழக்கமான ஆஞ்சியோவில் ‘ப்ராக்ஸிமல்’. இரண்டு ரிப்போர்ட்டும் சரியே. சின்டாக்ஸில் எல்.ஏ.டி. ப்ராக்ஸிமலுக்கு 3.5, மிட்டுக்கு 2.5 என்பதால் இந்த வித்தியாசம் சின்னதல்ல. பகுதியின் பெயரோடு நிறுத்தாமல் பக்கத்துக் கிளையையும் கண்டிப்பாக எழுதுங்கள்.

4. வாயா, பிரியும் இடமா

‘ஆஸ்டியல்’ என்றால் குழாய் தொடங்கும் வாயிலேயே அடைப்பு. ‘பைஃபர்கேஷன்’ என்றால் கிளை பிரியும் இடத்தில்.

5. எழுதுவது

‘ரைட் டாமினன்ட். எல்.ஏ.டி. மிட், முதல் செப்டலுக்குக் கீழே, டி2வுக்கு மேலே, 80%. டி1 வாய் சுத்தம். ஆர்.சி.ஏ. டிஸ்டல் 50%.’ இவ்வளவுதான்.

இதை எழுதச் செயலி எதுவும் தேவையில்லை. ரிப்போர்ட்டோடு வரும் குழாய்ப் படத்தை ஜெராக்ஸ் எடுத்துப் பென்சிலால் குறிப்பதுதான் என் விருப்பம். திரையைப் போனில் படம் பிடித்து அனுப்பாதீர்கள், கிளைகள் தெரியாது. ஆஞ்சியோ வீடியோ உள்ள குறுந்தகட்டைக் கேட்டு வாங்குங்கள். விண்டோஸில் மைக்ரோடைகாம், மேக்கில் ஹோரோஸ் என்ற செயலிகள் இரண்டிலும் அந்த வீடியோ ஓடும். திரையின் வலப்பக்கம் நோயாளியின் இடப்பக்கம் என்பது நினைவிருக்கட்டும்.

பிற்சேர்க்கை: ‘மெடினா 1,1,0’ என்றால் என்ன என்று பலர் கேட்டிருந்தீர்கள். கிளை பிரியும் இடத்து அடைப்பைக் குறிக்க 2006இல் வந்த முறை அது. முதல் எண் பிரிவதற்கு முன் உள்ள முக்கியக் குழாய், இரண்டாவது பிரிந்த பின் உள்ள முக்கியக் குழாய், மூன்றாவது கிளையின் வாய். 50 சதவீதமோ அதற்கு மேலோ அடைப்பு இருந்தால் 1, இல்லையென்றால் 0.

இன்னொரு பிற்சேர்க்கை: பைபாஸ் ஆனவர்கள் ரிப்போர்ட்டில் ‘லிமா டு எல்.ஏ.டி. பேட்டன்ட்’ என்று இருந்தால் பதற வேண்டாம். மார்புச் சுவரின் உட்புறத் தமனியை எல்.ஏ.டி.யில் இணைத்த அந்த ஒட்டு திறந்தே இருக்கிறது என்று பொருள். பழைய குழாயின் அடைப்பை ஒரு வரியிலும் ஒட்டின் நிலையை அடுத்த வரியிலும் எழுதுங்கள்.