இராமநாதபுரக் கடற்கரையில் மார்டினி கலக்கும் முறை

மார்டினி என்னும் கலப்பு மதுபானத்துக்கு ஜின்னும், இனிப்புக் குறைந்த உலர் வெர்மூத்தும் போதும் என்பார்கள். ஆனால் கோப்பைக்கு வந்து சேரும் பானத்தில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு, கலக்கும்போது ஐஸ் உருகி இறங்கிய தண்ணீர்தான். ஆகவே தொண்டியிலிருந்து மண்டபம், கீழக்கரை வரை, நிலத்தடி நீர் பெரும்பாலும் உவர்க்கிற இந்தக் கரையில், எந்த ஜின்னை வாங்குவது என்பதைவிட எந்தத் தண்ணீரில் ஐஸ் உறைய வைப்பது என்பதையே முதலில் முடிவு செய்ய வேண்டும். குடிக்கும்போது நாவில் சிறிதும் கரிக்காத நீரே ஐஸுக்கும் உகந்தது. போர்த் தண்ணீரில் உறைந்த கட்டி எவ்வளவு விலையுயர்ந்த ஜின்னையும் கெடுத்துவிடும்.

மீன்பிடி துறைமுகங்களில் எளிதாகக் கிடைக்கும் ஐஸ் பாரை உடைத்துப் பயன்படுத்தும் எண்ணமே வேண்டாம். அது மீனுக்காக உறைய வைக்கப்படுவது, குடிப்பதற்காக அன்று. வீட்டு ஃப்ரீசரிலும் ஒரு சிக்கல் உண்டு. நம் பகுதி வீடுகளில் அதே பெட்டியில் நெத்திலியோ நண்டோ இருப்பது வழக்கம், திறந்த தட்டில் உறையும் ஐஸ் அந்த வாடையை இழுத்துக்கொள்ளும். எனவே இறுக மூடும் டப்பாவில், இயன்றவரை பெரிய கட்டிகளாக உறைய வையுங்கள். பெரிய கட்டி மெதுவாக உருகுவதால், பானம் நன்றாகக் குளிர்வதற்கு முன்பே நீர்த்துப்போகாது. வெளியே எடுத்து வைத்து நீர் கசியத் தொடங்கிய கட்டி பயன்படாது. கலக்கும் நேரத்தில்தான் ஐஸை எடுக்க வேண்டும்.

வெர்மூத் என்பது மூலிகை மணமேற்றி, சிறிது மதுசாரம் கூட்டிய திராட்சை மது. ஜின்னைப் போல அதை அலமாரியில் வைத்துவிட்டு மறந்துவிட முடியாது. மூடியைத் திறந்த பிறகு ஃப்ரிட்ஜில் வைத்து ஓரிரு மாதங்களுக்குள் தீர்த்துவிட வேண்டும், நம் வெயிலில் வெளியே விட்டால் அதற்கும் முன்பே மணம் மங்கிப் புளிப்புத் தட்டும். மார்டினியில் வெர்மூத் பிடிக்கவில்லை என்போரில் பலர் குடித்தது கெட்டுப்போன வெர்மூத்தாகவே இருக்கும் என்பது என் உறுதியான எண்ணம். இதனால் கிடைக்கும் குப்பிகளில் சிறியதையே வாங்குங்கள்.

அளவு, 60 மில்லி ஜின்னுக்கு 10 மில்லி உலர் வெர்மூத். இருமல் மருந்தோடு வரும் சிறு மூடிக் கோப்பையில் 10 மில்லிக் கோடு இருக்கும். அதை நன்றாகக் கழுவிப் பயன்படுத்தலாம். கண்ணளவில் ஊற்றுவதை மட்டும் தவிர்க்க வேண்டும். ஜின்னை முன்கூட்டியே ஃப்ரிட்ஜில் குளிர வைப்பது நம் ஊருக்கு அவசியம். 35 பாகை வெக்கையில் கிடந்த ஜின்னை நேராக ஐஸில் ஊற்றினால் அது குளிர்வதற்குள் தேவைக்கு மேல் தண்ணீர் இறங்கிவிடும். அதற்காக ஃப்ரீசரில் வைத்தால் ஐஸ் போதிய அளவு உருகாமல் பானம் தொண்டையைச் சுடும். அப்படி வைத்திருந்தால், கலக்கும்போது ஒன்றரைத் தேக்கரண்டி குளிர்ந்த நல்ல தண்ணீரை நாமே சேர்க்க வேண்டும்.

கனமான கண்ணாடிக் குவளையை ஐஸால் முக்கால் பாகம் நிரப்பி, இரண்டையும் ஊற்றி, நீண்ட காம்புள்ள கரண்டியின் முதுகு குவளைச் சுவரைத் தொட்டபடி சுழலுமாறு சுமார் அரை நிமிடம் கலக்குங்கள். குலுக்கினால் காற்றும் ஐஸ் பொடியும் சேர்ந்து பானம் கலங்கும். ஒரு சொட்டு எடுத்துச் சுவையுங்கள்: மதுசாரத்தின் எரிச்சல் அடங்கி, ஜின்னுக்கே உரிய ஜூனிபர் காயின் மணம் மட்டும் முன்னே நின்றால் போதும், உடனே வடிகட்டிவிடலாம். ஊற்றும் கோப்பை ஃப்ரீசரில் குளிர்ந்ததாகவும் சிறியதாகவும் இருக்கட்டும். கடற்காற்றின் ஈரம் அதன்மேல் நொடியில் பனித்து வழுக்கும் என்பதால் தண்டைப் பிடித்தே எடுக்க வேண்டும்.

மேலே சேர்ப்பதற்கு நன்கு பழுத்து மஞ்சளான எலுமிச்சையின் தோல் ஒரு துண்டு போதும். கசக்கும் வெள்ளைப் பகுதி வராமல் மெல்லியதாகச் சீவி, மஞ்சள் பக்கம் கோப்பையை நோக்கியிருக்கப் பிடித்துப் பிழிந்தால், எண்ணெய் நுண்ணிய துளிகளாகப் பானத்தின் மேல் படர்வதை விளக்கு வெளிச்சத்தில் காணலாம். நார்த்தங்காய்த் தோல் கிடைத்தால் இன்னும் நல்லது, எனக்கு அதுவே பிடித்தமானது. ஆலிவ் போடுவோர் அதன் உப்பு நீரை ஒருமுறை கழுவிவிடுங்கள். வினிகரில் ஊறிய சின்ன வெங்காயத்தைப் போட்டால் அது கிப்சன் என்னும் வகையாகும். ஆலிவ் தேடி அலைவதைவிட நம் சமையலறைக்கு அதுவே பொருந்தும்.

ஒரு கோப்பையில் முழு 60 மில்லி ஜின் இருப்பதால் மெதுவாகப் பருகுங்கள், பிறகு வண்டியை எடுக்காதீர்கள். விருந்தினருக்கு அடுத்த கோப்பை கலக்க வேண்டியிருந்தால், குவளையில் மிஞ்சிய ஐஸைக் கொட்டிவிட்டுப் புதிய கட்டிகளோடு தொடங்குங்கள்.