அல் டென்டே: சொல்லின் பொருளும் பாஸ்தாவின் பதமும்

பாஸ்தா பொட்டலத்தின் பின்பக்கம் 'அல் டென்டே: 9 நிமிடம்' என்பதுபோல் அச்சிட்டிருப்பார்கள். அந்த நிமிடக் கணக்கு தோராயம்தான். அடுப்பின் வேகம், பாத்திரம், தண்ணீரின் அளவு எல்லாம் அதை மாற்றிவிடும். நம்ப வேண்டியது அந்தச் சொல்லைத்தான்.

இத்தாலியில் 'டென்டே' என்றால் பல். 'அல்' நம் நான்காம் வேற்றுமை போல; 'பல்லுக்கு' என்று பொருள். குழையாமல், கடிக்கும்போது பல்லுக்குச் சற்றே உறுதியாகத் தட்டுப்படும் பதம் அது. லத்தீனில் பல்லைக் குறிக்கும் 'டென்ஸ்' இதன் தாய். சமஸ்கிருத 'தந்த'வும் அதே வேர்தான். அங்கிருந்து வந்ததே நம் யானைத் தந்தம். நேப்பிள்ஸ் நகரத்தார் இன்னும் விறைப்பான பதத்தை 'வியெர்தே வியெர்தே', அதாவது 'பச்சை பச்சையாக' என்பார்கள். வேகாததைப் 'பச்சை' என்னும் தமிழருக்கு இதை விளக்கவே வேண்டாம்.

இந்தப் பதம் ஆதிகாலத்து வழக்கமும் அல்ல. 15ஆம் நூற்றாண்டுச் சமையல்காரர் மார்த்தினோ, சிசிலி மக்ரோனியை இரண்டு மணி நேரம் கொதிக்கவிடச் சொல்கிறார்!

ஜெர்மானியர் இந்தச் சொல்லை அப்படியே எடுத்துக்கொண்டதோடு, கடிபதம் என்று பொருள்படும் 'பிஸ்ஃபெஸ்ட்' என்ற தங்கள் சொல்லையும் வைத்திருக்கிறார்கள். ஆங்கிலச் சமையல் குறிப்புகளில் பீன்ஸ், ப்ரோக்கோலிக்கும் 'அல் டென்டே' என்று வரும். அங்கே காய் நறுக்கென்று இருக்க வேண்டும் என்று பொருள். பாஸ்தாவில் நறுக்கென்றால் அது வேகவில்லை. பல் சிறு எதிர்ப்போடு இறங்க வேண்டும், மாவு பல்லில் ஒட்டக் கூடாது.

வாங்கும்போதே பொருள் பட்டியலைப் பாருங்கள். துரும் என்னும் கடின வகைக் கோதுமையின் ரவையில் செய்ததுதான் இந்தப் பதத்துக்கு வரும். அதன் புரதம் வலைபோல ஸ்டார்ச்சைப் பிடித்துவைக்கும். மைதா கலந்ததில் வலை தளர்ந்து, ஸ்டார்ச் தண்ணீரில் கரைந்து, நடு வேகும் முன்பே மேற்புறம் குழையும். உலர்ந்த பாஸ்தாவைத் துரும் கோதுமையில்தான் செய்ய வேண்டும் என்று இத்தாலி 1967இல் சட்டமே போட்டது.

ஒருவருக்கு 100 கிராம் பாஸ்தா, 1 லிட்டர் தண்ணீர், 10 கிராம் உப்பு. தண்ணீர் தளதளவென்று கொதித்தபின் உப்பு, பிறகு பாஸ்தா. முதல் ஒரு நிமிடம் கிளறுங்கள், ஒட்டிக்கொள்வது அப்போதுதான். எண்ணெய் ஊற்றினால் அது மேலே மிதக்கும், வடிக்கும்போது பாஸ்தாவில் படிந்து சாஸை வழுக்கவிடும். வேண்டாம்.

பொட்டலத்தில் போட்ட நேரத்துக்கு 2 நிமிடம் முன்பிருந்தே ஒன்றை எடுத்துக் கடித்து, கடித்த இடத்தைப் பாருங்கள். நடுவில் தடித்த வெள்ளை வளையம் தெரிந்தால் இன்னும் வேக வேண்டும். ஊசிமுனை அளவு புள்ளி மட்டும் இருந்தால் அதுதான் நேரம். இத்தாலியர் அந்தப் புள்ளியை 'அனிமா', ஆன்மா என்பார்கள். புள்ளி மறைந்து சில நிமிடம் போனால் 'ஸ்கோத்தா': குழைந்துவிட்டது, மீட்க வழியில்லை.

பலருக்குப் பிசகுவது இதற்குப் பிறகுதான். வடித்த பாஸ்தா தன் சூட்டிலேயே தொடர்ந்து வேகும். சாஸில் சேர்ப்பதாக இருந்தால் ஒரு நிமிடம் முன்பே எடுத்து, வேகவைத்த தண்ணீரில் ஒரு கரண்டி விட்டு, மீதி வேக்காட்டை வாணலியில் முடியுங்கள். அந்தத் தண்ணீரில் உள்ள ஸ்டார்ச் சாஸைப் பாஸ்தாவோடு பிடிக்கவைக்கும். பச்சைத் தண்ணீரில் அலசினால் அது போய்விடும். ஆறவைத்து சாலடுக்கு எடுப்பதானால் மட்டும் அலசலாம். ஓவனில் வைத்துச் சுடுவதற்குப் பாதி நேரம் வேகவைத்தால் போதும்.

மலையூர்களில் தண்ணீர் 100 டிகிரிக்குக் கீழேயே கொதிப்பதால் நேரம் கூடும், கடித்துப் பார்த்தே முடிவு செய்யுங்கள். முட்டை சேர்த்துப் புதிதாகத் தேய்த்த பாஸ்தா இரண்டு மூன்று நிமிடத்தில் மென்மையாக வெந்துவிடும். அதில் வெள்ளைப் புள்ளியைத் தேட வேண்டாம்.