பாக்கியைக் கேட்க ஒரு தாள், வாய்மூட ஒரு விதி

ஃப்ரீலான்ஸ் வேலை செய்பவர்களுக்கு வேலையை முடிப்பதைவிட அதற்குரிய பணத்தைக் கேட்பதுதான் கடினமாக இருக்கிறது. பில்லின் கெடு தாண்டிய பிறகும் “இன்று கேட்டால் நச்சரிப்பதாக நினைப்பாரோ” என்று ஒத்திப்போட்டு, வீட்டு வாடகை தேதி நெருங்கும்போது ஒரே மூச்சில் மூன்று பேருக்குக் கோபமாக எழுதுகிறோம். மொழிபெயர்ப்பிலும் பிழைதிருத்தத்திலும் பல ஆண்டுகளாகப் பிழைத்துவரும் நானும் அப்படித்தான் இருந்தேன். நினைவூட்டுவதைத் தானியங்கியிடம் விட்ட பிறகு அந்தக் கூச்சம் போனது. ஆனால் கூச்சமில்லாத இயந்திரத்துக்கு இங்கிதமும் கிடையாது என்பதால், எப்போது பேச வேண்டும் என்பதைவிட எப்போது பேசக்கூடாது என்பதைச் சொல்லிக்கொடுக்கத்தான் அதிக உழைப்பு தேவைப்பட்டது.

நிரல் எழுத விருப்பமில்லாதவர்கள் சோகோ இன்வாய்ஸ் போன்ற மென்பொருளைப் பயன்படுத்தலாம். அது இலவசமாகக் கிடைக்கிறது. கெடுவுக்கு எத்தனை நாள் முன்னரும் பின்னரும் கடிதம் போக வேண்டும் என்பதை அதிலேயே அமைத்துவிடலாம். விதிகளைத் தம் விருப்பப்படி வளைக்க நினைப்பவர்களுக்குக் கூகுள் ஷீட்ஸும், அந்தத் தாளைக் கொண்டு வேலை செய்யும் நிரல்களை எழுத அதனுடன் வரும் ஆப்ஸ் ஸ்கிரிப்டும் போதும். நான் பின்பற்றுவது இந்த இரண்டாம் வழியைத்தான்.

முதலில் தாளை உருவாக்க வேண்டும். ஒரு பில்லுக்கு ஒரு வரிசை என்று வைத்துக்கொண்டு, பில் எண், கிளையன்டின் பெயர், தொலைபேசி எண், மின்னஞ்சல், பில் தேதி, கெடு நாள், பில் தொகை, கைக்கு வர வேண்டிய தொகை, வந்த தொகை, கடைசியாக அனுப்பிய கடிதத்தின் எண் (மொத்தம் நான்கு கடிதங்கள், அவற்றைப் பின்னர் விளக்குகிறேன்), கடிதங்கள் போன தேதிகள், இனி அனுப்ப வேண்டாம் என்பதைக் காட்டும் நிறுத்தக் குறி ஆகியவற்றுக்குத் தனித்தனிப் பத்திகள் கொடுக்க வேண்டும். மின்னஞ்சல் பத்தியில் நமக்கு வேலை கொடுத்தவரின் முகவரியை மட்டும் எழுதினால் பயனில்லை. நடுத்தர நிறுவனங்களில் பணத்தை விடுவிப்பவர் அக்கவுண்ட்ஸ் பிரிவில் இருக்கிறார், அவருக்கு நம் பெயர்கூடத் தெரிந்திருக்காது. ஆகவே வேலையை ஏற்கும் அன்றே, பில்லை யாருக்கு அனுப்ப வேண்டும், அதில் அந்த நிறுவனம் தரும் பர்ச்சேஸ் ஆர்டர் (கொள்முதல் ஆணை) எண் இருக்க வேண்டுமா என்று கேட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும். அந்த எண் இல்லாத பில் யாருக்கும் சொல்லாமல் ஏதோ ஒரு கோப்பில் உறங்கிவிடும்.

பில் தொகைக்கும் கைக்கு வரும் தொகைக்கும் தனிப் பத்திகள் வைக்கச் சொன்னதற்குக் காரணம் டி.டி.எஸ்., அதாவது பணம் தருபவரே நம் வருமான வரிக்காக முன்கூட்டிச் செய்யும் பிடித்தம். 80,000 ரூபாய் பில்லுக்குக் கிளையன்ட் 10 விழுக்காடு பிடித்துக்கொண்டால் வங்கிக்கு வருவது 72,000 ரூபாய்தான். பில் தொகையோடு ஒப்பிடும் நிரல் இதை 8,000 ரூபாய் பாக்கியாக எண்ணிக்கொண்டு, முறையாகப் பணம் செலுத்தியவருக்கே மாதக்கணக்கில் கடிதம் அனுப்பிக்கொண்டிருக்கும். வேலையின் தன்மையையும் அதை எந்தப் பிரிவின்கீழ் கணக்கில் வைக்கிறார்கள் என்பதையும் பொறுத்துப் பிடித்தம் 10, 2 அல்லது 1 விழுக்காடாக இருக்கலாம் என்பதால், கைக்கு வர வேண்டிய தொகையைச் சூத்திரத்தால் வருவிக்காமல், கிளையன்டிடம் கேட்டுக் கையால் நிரப்புவதே பாதுகாப்பானது.

அடுத்தது நிரல். தாளின் எக்ஸ்டென்ஷன்ஸ் பட்டியலிலிருந்து ஆப்ஸ் ஸ்கிரிப்டைத் திறந்து, ஒவ்வொரு வரிசையாகப் படித்து, கெடு நாளுக்கும் இன்றைக்கும் உள்ள இடைவெளியைக் கணக்கிட்டு, அதற்குரிய கடிதத்தைத் தயாரிக்கும் ஒரு ஃபங்ஷனை எழுத வேண்டும். ஐம்பது அறுபது வரிகளுக்குள் அடங்கிவிடும் இதை ஏதேனும் ஒரு ஏ.ஐ. கருவியிடம் கேட்டும் எழுதி வாங்கலாம். ஆனால் அப்படி வாங்கும் நிரலில் பெரும்பாலும் ஒரு பிழை இருப்பதைப் பார்த்திருக்கிறேன்: “கெடு தாண்டி நாள் நான்கு என்றால் அனுப்பு” என்று சரிசமமாக ஒப்பிட்டிருக்கும். ஏதோ காரணத்தால் அன்று ஒரு நாள் நிரல் ஓடாவிட்டால் அந்தக் கடிதம் ஒருபோதும் போகாது. “நான்கோ அதற்கு மேலோ ஆகியிருந்து, மூன்றாம் கடிதம் இன்னும் போகவில்லை என்றால்” என்று நிபந்தனை அமைய வேண்டும். கடைசியாக அனுப்பிய கடிதத்தின் எண்ணைத் தாளில் பதிவது இதற்காகத்தான். தாளின் நேர மண்டலம், ஸ்கிரிப்டின் நேர மண்டலம் இரண்டும் கொல்கத்தா நேரத்தில் இருக்கின்றனவா என்பதையும் சரிபார்க்க வேண்டும், இல்லையேல் நாள் கணக்கு ஒன்று கூடியோ குறைந்தோ வரும். பிறகு நிரலைக் குறித்த நேரத்தில் தானாக ஓடவைக்கும் ட்ரிகர் பகுதிக்குச் சென்று, நாள்தோறும் காலை எட்டிலிருந்து ஒன்பது மணிக்குள் ஓடும்படி அமைத்தால் போதும். சாதாரண ஜிமெயில் கணக்கிலிருந்து ஸ்கிரிப்ட் வழியாக ஒரு நாளில் 100 பெறுநர்களுக்கு மட்டுமே அனுப்ப முடியும். அந்த வரம்பை எட்டும் அளவுக்கு நமக்குப் பாக்கிக்காரர்கள் இருந்தால் சிக்கல் நிரலில் இல்லை.

தொடக்கத்தில் என் நிரல் கடிதங்களை நேராக அனுப்பிவந்தது. முந்தைய நாள் மாலையே பணம் செலுத்திவிட்ட ஒரு பழைய கிளையன்டுக்கு, நான் தாளில் பதிய மறந்ததால், மறுநாள் காலை மூன்றாம் கடிதம் போய்ச் சேர்ந்தது. அவர் திட்டவில்லை. வங்கிப் பரிவர்த்தனையின் ஸ்கிரீன்ஷாட்டை மட்டும், ஒரு சொல்கூட எழுதாமல், அனுப்பிவைத்தார். அன்றே நிரலை மாற்றி, கடிதத்தை அனுப்பாமல் ஜிமெயிலின் வரைவுப் பெட்டியில் போட்டுவைக்கச் செய்தேன். இப்போது காலையில் வங்கிக் கணக்கை ஒருமுறை பார்த்துவிட்டு, வரைவுகளைப் படித்து, அனுப்பும் பொத்தானை நானே அழுத்துகிறேன். இது முழுமையான தானியங்கி அல்ல என்று சிலர் சொல்வார்கள். எழுதும் கூச்சத்தை இயந்திரம் ஏற்றுக்கொண்டால் போதும், அனுப்பும் பொறுப்பு நம்மிடம் இருப்பதே நல்லது என்பது என் கருத்து.

கடிதங்கள் நான்கு. பில் அனுப்பிய ஐந்தாம் நாள் போகும் முதல் கடிதம் பணத்தைப் பற்றிப் பேசுவதே இல்லை: “வணக்கம். மார்ச் 3 அன்று அனுப்பிய பில் எண் 27 தங்களுக்குக் கிடைத்ததா என்று அறிய விரும்புகிறேன். கணக்கில் ஏற்றுவதற்கு வேறு ஆவணம் ஏதேனும் தேவைப்பட்டால் தெரிவியுங்கள், இன்றே அனுப்பிவைக்கிறேன்.” என் அனுபவத்தில் நான்கில் அதிகம் சாதிப்பது இதுதான், ஏனெனில் தாமதங்கள் பலவற்றுக்குக் காரணம் மனமின்மையல்ல, எங்கோ விடுபட்ட ஒரு காகிதம். இரண்டாம் கடிதம் கெடுவுக்கு மூன்று நாள் முன்னர், தொகையையும் வங்கி விவரத்தையும் மட்டும் தாங்கிச் செல்லும். மூன்றாவது, கெடு தாண்டிய நான்காம் நாள்: “கெடு மார்ச் 18உடன் முடிந்தது. எந்தத் தேதியில் பணம் விடுவிக்கப்படும் என்பதைத் தெரிவிக்க வேண்டுகிறேன்.” எப்போது கொடுப்பீர்கள் என்று பொதுவாகக் கேட்டால் “சீக்கிரம்” என்றுதான் பதில் வரும். தேதியைக் கேட்டுப் பெற்றால், அந்தத் தேதியைத் தாளில் புதிய கெடுவாகப் பதிந்துவிடலாம். நான்கு கடிதங்களும் ஒரே மின்னஞ்சல் இழையில் பதில்களாகவே செல்ல வேண்டும்; அக்கவுண்ட்ஸில் ஆள் மாறினாலும் வரலாறு அதிலேயே இருக்கும்.

ஞாயிற்றுக்கிழமைகளிலும் தீபாவளி, பொங்கலை ஒட்டிய நாட்களிலும் நிரல் ஓய்வெடுக்க வேண்டும். வெள்ளிக்கிழமையையும் நான் சேர்த்திருக்கிறேன். அன்று கல்லாவிலிருந்து பணம் வெளியே போவதை விரும்பாத முதலாளிகள் நம் ஊரில் இன்னமும் உண்டு, அவர்களுக்கு அன்று போகும் கடிதம் திங்கட்கிழமைக்குள் மறந்துபோகும்.

கெடு தாண்டிய பன்னிரண்டாம் நாளின் நான்காம் கடிதத்துக்குச் சட்டத்தின் துணை வேண்டும். சிறு தொழில்களைப் பதிவதற்கான மத்திய அரசின் உத்யம் தளத்தில் குறு அல்லது சிறு நிறுவனமாகப் பதிவது இலவசம். ஒற்றை ஆளாகத் தொழில் செய்பவரும் பதியலாம். வேலையை ஏற்கும் முன்பே பதிந்து, அந்த எண்ணை எல்லாப் பில்களின் அடியிலும் அச்சிட வேண்டும். 2006ஆம் ஆண்டின் எம்.எஸ்.எம்.இ. (குறு, சிறு, நடுத்தர நிறுவனங்கள்) மேம்பாட்டுச் சட்டப்படி, எழுத்துவழி ஒப்பந்தம் இருந்தாலும் கெடு 45 நாட்களைத் தாண்டக்கூடாது. ஒப்பந்தம் இல்லையெனில் 15 நாட்கள்தான். தாண்டினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் ‘வங்கி விகிதம்’ (பேங்க் ரேட்) என்ற வட்டி விகிதத்தைப் போல் மூன்று மடங்கு, மாதந்தோறும் கூடும் கூட்டுவட்டி உண்டு. அதாவது வங்கி விகிதம் 6 விழுக்காடாக இருந்தால் வட்டி ஆண்டுக்கு 18 விழுக்காடு. வருமான வரிச் சட்டத்தில் 2023இல் சேர்க்கப்பட்ட 43பி(எச்) பிரிவு, இந்தக் கெடுவுக்குள் கொடுக்காத தொகையை, உண்மையில் கொடுக்கும் ஆண்டு வரை கிளையன்ட் தன் செலவாகக் காட்ட முடியாதபடி செய்தது. வட்டியைவிட இந்த வரிக்கணக்குதான் அக்கவுண்ட்ஸ்காரர்களை மார்ச் மாதத்தில் அசைக்கிறது. ஆகவே அந்தக் கடிதத்தில் மிரட்டலாக எதையும் எழுதாமல், உத்யம் எண்ணையும் கெடு முடிந்த தேதியையும் ஒரே வாக்கியத்தில் குறிப்பிட்டால் போதும்.

ஐந்தாம் கடிதம் கிடையாது. நான்காவதற்குப் பின் ஒரு வாரம் கழித்தும் பணம் வராவிட்டால், நிரல் அந்த வரிசையில் நிறுத்தக் குறியை இட்டுவிட்டு, கிளையன்டுக்கு அல்ல, எனக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்புகிறது: பில் எண், பாக்கித் தொகை, நான்கு கடிதங்களும் போன தேதிகள், கிளையன்டின் தொலைபேசி எண். அதைக் கையில் வைத்துக்கொண்டு, காலை பதினொரு மணி வாக்கில் நான் அழைக்கிறேன்.