சரயேவோவைக் கிழக்கிலிருந்து மேற்காகப் பார்ப்பது எப்படி: முதல்முறை போகிறவர்களுக்கு மூன்று நாள் வழி

போஸ்னியாவின் தலைநகரம் சரயேவோ. ஐரோப்பா போகிற நம்மவர்கள் பாரிஸ், ரோம், ப்ராக் என்று பட்டியல் போடும்போது இந்த ஊர் அதில் வருவதே இல்லை, வந்தாலும் "அங்கே 1990-களில் போர் நடந்ததே, பார்க்க என்ன இருக்கிறது" என்ற கேள்வியோடு அடிபட்டுப் போகிறது. எனக்கு இது பெரிய வருத்தம். இரண்டு முறை போய்வந்திருக்கிறேன், மூன்றாவது முறைக்குக் காசு சேர்த்துக்கொண்டிருக்கிறேன்.

முதல்முறை நான் செய்த தவறிலிருந்தே தொடங்குகிறேன். விமான நிலையத்துக்குப் பக்கம்தானே, நேரம் மிச்சமாகும் என்று நினைத்து, பையோடு நேராகப் போர்க்காலச் சுரங்கத்துக்குப் போனேன். அதைப் பார்த்துவிட்டு ஊருக்குள் வந்தால், குண்டு துளைத்த சுவர்களைத் தவிர வேறு எதுவும் கண்ணில் படவில்லை. மறுநாள் காலை ஊரின் கிழக்குக் கோடியில் இருக்கும் பழைய கடைத்தெருவிலிருந்து மேற்கே நடக்க ஆரம்பித்தேன், அப்போதுதான் ஊர் பிடிபட்டது.

சரயேவோ ஒரு நீளமான, குறுகலான பள்ளத்தாக்கு. நடுவில் மில்யாட்ஸ்கா ஆறு கிழக்கிலிருந்து மேற்கே ஓடுகிறது, இரண்டு பக்கமும் மலை, அதனால் ஊருக்கு வளர ஒரே ஒரு திசைதான் இருந்தது. கிழக்கில் உஸ்மானியத் துருக்கியர் கட்டிய ஊர், அடுத்து 1878-க்குப் பிறகு ஆஸ்திரிய-ஹங்கேரியர் கட்டியது, அப்புறம் யூகோஸ்லாவியா காலத்து அடுக்குமாடிகள். ஆற்றின் போக்கிலேயே நடந்தால் காலவரிசைப்படி நடந்த மாதிரி. கீழே சொல்லும் வழி முழுக்க இதை வைத்துத்தான்.

கிளம்புவதற்கு முன்னால்

போஸ்னியா ஐரோப்பிய ஒன்றியத்திலும் இல்லை, ஒரே விசாவில் பல நாடுகளுக்குப் போகும் ஷெங்கன் பகுதியிலும் இல்லை. ஷெங்கன் விசாவில் ஐரோப்பா சுற்றுகிறவர்கள் இங்கே வந்துவிட்டுத் திரும்ப உள்ளே போக வேண்டுமானால், அது பலமுறை நுழையும் விசாவாக இருக்க வேண்டும். இந்தியக் கடவுச்சீட்டோ இலங்கைக் கடவுச்சீட்டோ வைத்திருப்பவர்கள் டிக்கெட் போடும் முன்பே போஸ்னியத் தூதரகத்தின் அப்போதைய விதியைப் படித்துவிடுங்கள். ஐரோப்பிய சிம் கார்டின் ரோமிங் சலுகை பெரும்பாலும் இங்கே செல்லாது, அதனால் வரைபடத்தை முன்கூட்டியே கைபேசியில் இறக்கிக்கொள்ளுங்கள்.

பணம் மார்க். ஒரு யூரோவுக்கு 1.95583 மார்க் என்று நிலையாகக் கட்டி வைத்திருக்கிறார்கள், ஆகவே விலையைப் பாதியாக்கினால் கிட்டத்தட்ட யூரோ வந்துவிடும். சின்னக் கடைகளில் ரொக்கம்தான் எடுபடும்.

மே முதல் அக்டோபர் தொடக்கம் வரை போகலாம். குளிர்காலத்தில் மலைகளுக்கு நடுவே புகை தேங்கி நிற்கும், மூச்சுத் தொந்தரவு உள்ளவர்களுக்கு அது சரிப்படாது. ஆகஸ்டில் திரைப்பட விழா நடக்கும்போது அறை கிடைப்பது கஷ்டம், ஆனால் ஊர் அப்போது ரொம்ப அழகு. இந்த விழாவை 1995-இல், போஸ்னிய செர்பியப் படைகள் ஊரைச் சுற்றி வளைத்து முற்றுகையிட்டிருந்தபோதே தொடங்கினார்கள்.

இங்கிருந்து போகிறவர்களுக்கு இஸ்தான்புல் அல்லது வியன்னா வழியாக வருவது சுலபம். தங்குவதற்குப் பழைய கடைத்தெருவான பாஷ்சார்ஷியா பக்கமாகவே இடம் பாருங்கள்.

முதல் நாள், படி 1: செபிலிலிருந்து தொடங்குங்கள்

பாஷ்சார்ஷியா என்பது பழைய கடைத்தெரு. 1460-களில் ஈசா பேக் என்ற உஸ்மானிய ஆளுநர் இந்த ஊருக்கு அடித்தளம் போட்டார். சதுக்கத்தின் நடுவில் மரத்தாலான தண்ணீர்ப் பந்தல் போல ஒன்று நிற்கும், அதுதான் செபில். முதலில் 1753-இல் கட்டினார்கள், இப்போது நிற்பது ஆஸ்திரிய ஆட்சியில் புதிதாகக் கட்டியது. இந்தத் தண்ணீரைக் குடித்தவர் மறுபடி சரயேவோவுக்கு வருவார் என்று ஊரில் சொல்வார்கள். நான் குடித்தேன், வந்தேன்.

காலை எட்டு, எட்டரைக்கே போய்விடுங்கள். புறாக்களும் கடை திறப்பவர்களும் மட்டும்தான் இருப்பார்கள்.

படி 2: காப்பி குடிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

அவசரப்படாமல் முழுசாக ஒரு மணி நேரம் ஒதுக்க வேண்டிய வேலை இது. அந்தக் காலத்து வணிகர்கள் தங்கிய மொரிச்சா ஹான் என்ற பழைய சத்திரத்தின் முற்றத்தில் உட்காரலாம், இல்லாவிட்டால் பக்கத்துச் சந்துகளில் எந்தக் கடையும் நன்றாகவே இருக்கும்.

"போஸ்னியக் காப்பி" என்று கேளுங்கள். ஒரு செம்புத் தட்டில் நீளமான கைப்பிடி வைத்த சின்னப் பாத்திரம் வரும், அதன் பெயர் ஜெஸ்வா. கூடவே காதில்லாத குட்டிக் கிண்ணம், அது ஃபில்ஜான். சர்க்கரைக் கட்டி, ஒரு துண்டு லோகும் மிட்டாய், ஒரு தம்ளர் தண்ணீர். பால் வராது. மேலே கட்டியாக நிற்கும் நுரையை மெதுவாகக் கலக்கி, ஒரு கரண்டி நுரையை ஃபில்ஜானில் போட்டு, அதன்மேல் காப்பியை நிதானமாக ஊற்றுங்கள். சர்க்கரையைக் காப்பிக்குள் போட்டுக் கரைக்க மாட்டார்கள். கட்டியின் ஓரத்தைக் காப்பியில் நனைத்து, ஒரு கடி கடித்து, அது வாயில் இருக்கும்போதே ஒரு மிடறு குடிப்பார்கள். அடியில் மண்டி நிற்கும், அதை விட்டுவிடுங்கள். பக்கத்து மேசையில் வயதானவர்கள் யாராவது இருந்தால் அவர்கள் செய்வதைப் பார்த்துச் செய்தால் போதும்.

படி 3: ஒரே நடையில் நான்கு மதங்கள்

மொரிச்சா ஹானுக்கு எதிரிலேயே காஸி ஹுஸ்ரெவ் பேக் பள்ளிவாசல், 1530-களின் தொடக்கத்தில் கட்டியது. பக்கத்தில் இருக்கும் மணிக்கூண்டைப் பார்த்து உங்கள் கைக்கடிகாரத்தைத் திருத்திவிடாதீர்கள்: அது சூரியன் மறையும் நேரத்தில் பன்னிரண்டு காட்டும்படி வைத்த கடிகாரம். சூரியன் மறையும் நேரம் மாறிக்கொண்டே இருப்பதால், அதைத் திருத்தி வைப்பதற்கென்றே ஒருவர் உண்டு.

இங்கிருந்து சில நிமிட நடையிலேயே 16-ஆம் நூற்றாண்டுப் பழைய யூத ஆலயம் (இப்போது அருங்காட்சியகம்), பழைய ஆர்த்தடாக்ஸ் தேவாலயம், 1889-இல் முடிந்த கத்தோலிக்கப் பேராலயம் எல்லாமே வந்துவிடும். பள்ளிவாசல் தாண்டி மேற்கே ஃபெர்ஹாதியா தெருவில் நடக்கும்போது தரையைப் பாருங்கள், "பண்பாடுகளின் சந்திப்பு" என்று ஒரு கோடு பதித்திருக்கிறார்கள். அந்தக் கோட்டில் நின்று கிழக்கே திரும்பினால் தாழ்ந்த ஓட்டுக் கூரைக் கடைகள், மேற்கே திரும்பினால் வியன்னாவில் பார்ப்பது போன்ற மாடிக் கட்டடங்கள். இதைப் படத்தில் பார்ப்பதும் நேரில் நின்று தலையைத் திருப்புவதும் ஒன்றல்ல.

பேராலயத்துக்கு முன்னால் தரையில் சிவப்பாக, பூ மாதிரி ஒரு தழும்பு தெரியும். பீரங்கிக் குண்டு விழுந்து ஆட்கள் இறந்த இடத்தின் பள்ளத்தில் சிவப்புப் பிசினை ஊற்றி வைத்திருக்கிறார்கள், சரயேவோ ரோஜா என்று பெயர். ஊரில் பல இடங்களில் இருக்கிறது. மிதிக்காமல் சுற்றிப் போங்கள். வடக்கே அடுத்த தெருவில்தான் மார்க்கலே காய்கறிச் சந்தை. 1994 பிப்ரவரி 5 அன்று இங்கே விழுந்த ஒரே குண்டில் 68 பேர் இறந்தார்கள். பின்சுவரில் பெயர்கள் இருக்கின்றன, முன்னால் இன்றும் தக்காளியும் செர்ரியும் விற்கிறார்கள். படம் எடுத்துவிட்டு மட்டும் திரும்பாமல் அந்த அம்மாக்களிடம் கொஞ்சம் பழம் வாங்குங்கள்.

படி 4: சாப்பாடு

செவாப்பிதான் ஊரின் அடையாளம்: விரல் நீளத்துக்குச் சுட்ட இறைச்சி, சோமுன் என்ற ரொட்டிக்குள், நறுக்கிய வெங்காயத்தோடு. அது பெரும்பாலும் மாட்டிறைச்சி, சாப்பிடாதவர்கள் முன்பே தெரிந்துகொள்ளுங்கள்.

சைவக்காரர்களுக்குப் பயமே வேண்டாம், பீத்தா இருக்கிறது. மெல்லிய மாவை உருட்டிச் சுருட்டிச் சுட்டது. ஆனால் பெயர் முக்கியம்: போஸ்னியாவில் புரெக் என்றால் இறைச்சி வைத்தது மட்டும்தான். பாலாடைக்கட்டி வைத்தது சிர்னிட்சா, கீரை வைத்தது செல்யானிட்சா, உருளைக்கிழங்கு வைத்தது க்ரொம்பிருஷா. "பெஸ் மேசா" என்றால் இறைச்சி இல்லாமல். கோழி சாப்பிடுகிறவர்கள் பேகோவா சோர்பா என்ற சூப்பைக் கேட்டுப் பாருங்கள், அதில் வெண்டைக்காய் போடுகிறார்கள். பிஞ்சுக் குட்டி வெண்டைக்காயைக் கிண்ணத்தில் பார்த்ததும் எனக்கு வீட்டு ஞாபகம் வந்துவிட்டது.

படி 5: நகர மண்டபத்திலிருந்து லத்தீன் பாலம் வரை

மதியத்துக்கு மேல் திரும்பக் கிழக்கே, ஆற்றங்கரைக்கு வாருங்கள். மஞ்சளும் செம்மண் நிறமுமாகப் பட்டை பட்டையாக ஒரு பெரிய கட்டடம், அதுதான் வியெச்னிட்சா, 1896-இல் திறந்த நகர மண்டபம். பிற்பாடு தேசிய நூலகமாக இருந்தது. 1992 ஆகஸ்ட் 25 இரவு குண்டு போட்டு எரித்தார்கள், பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட நூல்கள் சாம்பலாயின. யாழ்ப்பாண நூலகம் 1981-இல் எரிந்ததைக் கேட்டு வளர்ந்த ஒருவர் இந்த வாசலில் உள்ள பலகையைச் சாதாரணமாகப் படித்துவிட்டுப் போக முடியாது, நான் வெகுநேரம் நின்றேன். 2014-இல் மறுபடி திறந்தார்கள். சீட்டு வாங்கி உள்ளே போய், நடுக்கூடத்தில் நின்று மேலே கண்ணாடிக் கூரையைப் பாருங்கள்.

எதிர்க்கரையில் இனாத் குச்சா, அதாவது வீம்பு வீடு. நகர மண்டபம் கட்ட இடம் கேட்டபோது வீட்டுக்காரர் ஒரு பை பொற்காசும், தன் வீட்டைக் கல் கல்லாகப் பெயர்த்து அக்கரையில் கட்டித்தர வேண்டும் என்றும் கேட்டாராம். இப்போது உணவகம்.

அடுத்து வருவதைப் பலர் தெரியாமலே விட்டுவிடுகிறார்கள். 1914 ஜூன் 28 காலை ஆஸ்திரிய-ஹங்கேரிய பட்டத்து இளவரசர் ஃபிரான்ஸ் ஃபெர்டினாண்ட் மீது முதலில் ஒரு வெடிகுண்டு வீசினார்கள், அதில் தப்பி இந்த நகர மண்டபத்துக்குத்தான் வந்தார். வரவேற்பு முடிந்து கார் ஆற்றங்கரைச் சாலையிலேயே திரும்பியது. லத்தீன் பாலத்து மூலையில் ஓட்டுநர் தவறாக வலப்பக்கம் திருப்பி, வண்டியை நிறுத்த, அங்கே நின்றிருந்த கவ்ரிலோ பிரின்சிப் என்ற போஸ்னிய செர்பிய இளைஞன் அவரைச் சுட்டுக் கொன்றான். முதல் உலகப் போர் அதிலிருந்து மூண்டது. மண்டப வாசலிலிருந்து அந்த மூலை வரை நீங்களும் அதே சாலையில் நடங்கள், பத்து நிமிடம்கூட ஆகாது. மூலையிலேயே சின்ன அருங்காட்சியகம் இருக்கிறது.

இரண்டாம் நாள்: டிராமில் மேற்கே

இந்த ஊரில் 1885-இலேயே குதிரை இழுக்கும் டிராம் ஓடியது. பாஷ்சார்ஷியாவில் 3-ஆம் எண் டிராம் ஏறுங்கள், கடைசி நிறுத்தம் இலிஜா. சீட்டை மறக்காமல் இயந்திரத்தில் பதியுங்கள், பரிசோதகர்கள் வருவார்கள். ஜன்னலோரம் உட்கார்ந்தால் ஊரின் வயது குறைந்துகொண்டே வருவது தெரியும். நடுவழியில் வரும் அகலமான சாலையில் மஞ்சள் நிற ஹோட்டல் கட்டடம் ஒன்று நிற்கும். போர்க்காலத்தில் இந்தச் சாலையைக் கடக்க மக்கள் குனிந்து ஓடினார்கள், மறைந்திருந்து சுடுகிறவர்கள் மலையிலும் மாடிகளிலும் இருந்தார்கள்.

இலிஜாவில் இறங்கி டாக்ஸி பிடித்துச் சுரங்கத்துக்குப் போங்கள். 1992 ஏப்ரல் முதல் 1996 பிப்ரவரி வரை, 1,425 நாள் இந்த ஊர் முற்றுகையில் இருந்தது. 1993-இல் விமான ஓடுதளத்துக்கு அடியில் சுமார் 800 மீட்டர் தோண்டினார்கள். உணவு, மருந்து, ஆயுதம், காயம்பட்டவர்கள், பிற்பாடு மின்கம்பிகூட இதன் வழியாகத்தான் வந்து போனது. இப்போது ஒரு சிறு பகுதியில் மட்டும் நடக்க விடுகிறார்கள், அதிலேயே குனிந்து முதுகு வலிக்கும். முந்தின நாள் அந்தக் கடைத்தெருவையும் காப்பியையும் பார்த்துவிட்டு வருவதால், இத்தனை பேர் எதைக் காப்பாற்ற இந்த மண்ணைத் தோண்டினார்கள் என்பது இப்போது உங்களுக்குத் தெரியும்.

மதியம் வ்ரெலோ போஸ்னே. போஸ்னா ஆறு மலையடியிலிருந்து குளிராக, கண்ணாடி போலப் பொங்கி வரும் ஊற்று. இலிஜாவிலிருந்து இரண்டு பக்கமும் பெரிய மரங்கள் நிற்கும் மூன்று கிலோமீட்டர் சாலை, குதிரை வண்டியும் உண்டு. நடந்தே போங்கள், சுரங்கத்துக்குப் பிறகு அந்த நடை தேவைப்படும்.

மூன்றாம் நாள்: மேலே

பழைய ஊரிலிருந்து நடக்கும் தூரத்தில் கேபிள் கார் நிலையம். போரில் அழிந்து, 2018 ஏப்ரல் 6 அன்றுதான் மறுபடி ஓடத் தொடங்கியது. ட்ரெபெவிச் மலைமேல் 1984 குளிர்கால ஒலிம்பிக்குக்காகக் கட்டிய சறுக்குவண்டித் தடம் காட்டுக்குள் கான்கிரீட் பாம்பு மாதிரி வளைந்து கிடக்கிறது, சுவர் முழுக்க வண்ண ஓவியங்கள். அதற்குள்ளேயே இறங்கி நடக்கலாம், மழை பெய்திருந்தால் வழுக்கும்.

ஒரு கண்டிப்பு: போஸ்னிய மலைகளில் போட்ட பாதையை விட்டு இறங்காதீர்கள். கண்ணிவெடிகள் இன்னும் முழுவதும் அகற்றப்படவில்லை. மண்டையோட்டுப் படம் போட்ட சிவப்புப் பலகை கண்டால் திரும்பிவிடுங்கள்.

மாலையில் கொவாச்சி வழியாக மஞ்சள் கோட்டைக்கு ஏறுங்கள். வழியில் வெள்ளைக் கல்லறைகள், பல கல்லிலும் இறந்த ஆண்டு 1992, 1993 என்றே இருக்கும். சூரியன் மறைவதற்கு முக்கால் மணி முன்னால் போய் இடம் பிடியுங்கள். மூன்று நாளாக நடந்த மொத்த ஊரும் ஆற்றோடு ஒரே கோடாகக் கீழே தெரியும், வெளிச்சம் அந்தக் கோட்டின் மேற்கு முனையில்தான் இறங்கும். ரமலான் மாதமாக இருந்தால் நோன்பு திறக்க இங்கிருந்துதான் பீரங்கி வெடிப்பார்கள்.

கிளம்பும் நாள் காலை

கசான்ஜிலுக், செம்புக் கொல்லர்களின் சந்து, செபிலுக்குப் பக்கத்திலேயே. சுத்தியல் சத்தம் கேட்கிற கடைக்குள் போங்கள், அங்கேதான் உட்கார்ந்து அடிக்கிறார்கள். ஜெஸ்வா வாங்கும்போது உள்பக்கம் வெள்ளீயம் பூசியிருக்கிறதா என்று பாருங்கள். உள்ளேயும் வெறும் செம்பாகத் தெரிந்தால் அது அலமாரியில் வைக்கத்தான். பூசியிருந்தால் வீட்டுக்கு வந்து அதிலேயே காப்பி போடலாம், நான் இன்றைக்கும் ஞாயிற்றுக்கிழமைகளில் போடுகிறேன்.