குசினிக் கரப்பானை ஒழிக்க வேண்டுமா? முதலில் ஸ்பிரேயைக் கீழே வையுங்கள்

மலேசியாவில் சுங்கை சிப்புட் மாதிரி தோட்டத்தை ஒட்டிய டவுனில் இருப்பவர்களுக்கு இது பழகிய காட்சிதான். ராத்திரி தண்ணீர் குடிக்கலாம் என்று குசினி விளக்கைப் போட்டால் சிங்க் ஓரத்தில் நாலைந்து ஓடி ஒளியும், நம் கை தானாக ஸ்பிரே டின்னைத் தேடும். தயவுசெய்து அடிக்காதீர்கள். கண்ணில் பட்டது சாகும், மற்றதெல்லாம் சுவர் வெடிப்புக்குள் போய்ப் பதுங்கிக்கொள்ளும். அதோடு, ஸ்பிரே பட்ட இடத்தில் பிறகு மருந்து உருண்டை வைத்தால் கரப்பான் கிட்டவே வராது.

சரி, முதலில் எந்தக் கரப்பான் என்று பாருங்கள். செம்பழுப்பாக, 4 சென்டிமீட்டர் வரை வளர்ந்திருந்தால் அது பெரும்பாலும் லோங்காங்கிலிருந்தோ (சாக்கடையிலிருந்தோ) செப்டிக் டேங்கிலிருந்தோ ஏறி வருவது. குளியலறைத் தண்ணீர் போகும் ஓட்டைக்கு வலை போடுங்கள், பின்கதவின் அடி இடைவெளியை ரப்பர் பட்டையால் அடையுங்கள், வரத்து நன்றாகக் குறையும். ஒன்றரை சென்டிமீட்டர்தான் இருக்கிறது, தலைக்குப் பின்னால் இரண்டு கறுப்புக் கோடு தெரிகிறது என்றால் அது ஜெர்மன் கரப்பான். இதுதான் தொல்லை பிடித்தது. வீட்டுக்குள்ளேயே பெருகும், பெட்டை தன் முட்டைப் பையை வால் பக்கம் சுமந்துகொண்டே திரியும், ஒரு பைக்குள் 30, 40 முட்டை இருக்கும்.

அடுத்து, அது எங்கே குடியிருக்கிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். நாங்கள் மூன்று மாதம் சிங்க் அடியிலேயே மருந்து வைத்துக்கொண்டிருந்தோம், குறையவே இல்லை. ஒருநாள் பிளக்கைப் பிடுங்கிவிட்டு ஐஸ்பெட்டியை முன்னால் இழுத்து, பின்பக்கம் மோட்டார் இருக்கும் இடத்தில் டார்ச் அடித்துப் பார்த்தேன். மிளகுத்தூளைக் கொட்டினாற்போல் எச்சம், மோட்டார் சூட்டில் எள்ளு எள்ளாகக் குஞ்சுகள், எண்ணெய்ப் பிசுக்கு மாதிரி ஒரு வாடை. அங்கேதான் மொத்தக் கூட்டமும் இருந்தது. நீங்களும் இப்படித் தேடுங்கள்: ஐஸ்பெட்டிக்குப் பின்னால், அடுப்புக்கு அடியில், அலமாரிக் கீல் இடுக்கில், அட்டைப் பெட்டி மடிப்பில், சாமி மேடையில் எண்ணெய் வடியும் மூலையில்.

மருந்துக்குப் போரிக் பவுடர் வேண்டும், டப்பாவில் அசிட் போரிக் என்று போட்டிருக்கும். நான் கலக்கும் அளவு: போரிக் பவுடர் 3 கரண்டி, கோதுமை மாவு 2 கரண்டி, சீனி 1 கரண்டி, துருவிய சின்ன வெங்காயம் கொஞ்சம், பிசைய டின் பால். கையுறை போட்டுக்கொண்டு பிசைந்து பட்டாணி அளவுக்கு உருட்டி, பாட்டில் மூடியில் வைத்து அந்த இடுக்குகளுக்குள் தள்ளிவிடுங்கள். பெரிய உருண்டை இரண்டு வைப்பதைவிடச் சின்னதாக இருபது இடத்தில் வைப்பதுதான் வேலை செய்யும், ஏனென்றால் கரப்பான் தன் பொந்தை விட்டு அதிக தூரம் போகாது. பிசைந்த பாத்திரத்தை இனிமேல் சமையலுக்கு எடுக்காதீர்கள். போரிக் அமிலத்தை உணவில் சேர்க்க நம் நாட்டில் தடை இருக்கிறது. தவழும் பிள்ளையோ பூனையோ இருக்கும் வீட்டில் திறந்து வைக்கவே வேண்டாம், மூடி இறுகிய பிளாஸ்டிக் டப்பாவில் கரப்பான் நுழையும் அளவுக்கு ஓட்டை போட்டு உள்ளே வையுங்கள்.

மறுநாளே செத்துக் கிடக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். போரிக் மெதுவாகத்தான் கொல்லும், ஒன்றிரண்டு வாரம் பொறுக்க வேண்டும். முட்டைப் பையை அது ஒன்றும் செய்யாது, அதனால் மூன்று நான்கு வாரம் கழித்துப் புது உருண்டை வைத்தே ஆக வேண்டும். நிறையப் பேர் இந்த இடத்தில்தான் விட்டுவிடுகிறார்கள். அப்புறம், ராத்திரி சிங்கில் எச்சில் தட்டு கிடந்தால் கரப்பான் ஏன் உங்கள் உருண்டையைத் தேடி வரப்போகிறது? தட்டைக் கழுவி, சிங்கைத் துணியால் காயத் துடைத்து, குப்பையைக் கட்டி வெளியே வைத்துவிட்டுப் படுங்கள்.

இரண்டு முறை ஒழுங்காகச் செய்தும் பகலிலேயே கரப்பான் நடமாடினால், அல்லது வீட்டில் ஆஸ்துமா உள்ளவர் இருந்தால், பூச்சி ஒழிக்கும் ஆளைக் கூப்பிட்டுவிடுங்கள். கரப்பான் எச்சமும் உதிர்ந்த தோலும் ஆஸ்துமாவைக் கிளப்பும், அதில் காத்திருக்கக் கூடாது. 1974-ஆம் ஆண்டு பூச்சிக்கொல்லிச் சட்டத்தின் கீழ் உரிமம் இருக்கிறதா, கரப்பான் மருந்து ஜெல் வைப்பார்களா, எத்தனை முறை திரும்பி வருவார்கள் என்று விலை பேசும் முன்பே கேளுங்கள். எங்கள் வீட்டுக்கு முதலில் வந்தவர்கள் குசினி முழுக்கப் புகை அடித்துவிட்டு காசை வாங்கிக்கொண்டு போனார்கள், அடுத்த வாரமே பழைய கதை. புகை வெடிப்பின் அடிவரை போவதில்லை. ஜெல் என்றால் இடுக்கில் சின்னச் சின்னப் பொட்டாக வைப்பார்கள். அதைத் தின்ற கரப்பானின் எச்சத்தையும் பிணத்தையும் தின்று மற்றதும் சாகும்.

நம் தாமான் (குடியிருப்புப் பகுதி) வீடுகள் ஒரே சுவரில் ஒட்டியவை, குழாய் போகும் ஓட்டை வழியாக அந்தப் பக்கத்துக் கரப்பான் இந்தப் பக்கம் வந்துவிடும். நான் பக்கத்து வீட்டு அக்காவிடம், "அக்கா, நீங்களும் இதே நாளில் வெச்சிடுங்க, இல்லாட்டி உங்க வீட்டுக்கும் எங்க வீட்டுக்கும் மாறி மாறி ஓடிக்கிட்டே இருக்கும்" என்று சொல்லி, அவர் குசினிக்கும் சேர்த்தே ஆளை வரவழைத்தேன். ஜெல் வைத்த பிறகு அந்தப் பொட்டுகளின் மேல் சோப்புத் துணி படாமல் பார்த்துக்கொள்ளுங்கள், தரையை மட்டும் துடையுங்கள்.