ரோட்டரி இன்ஜின் விமானத்தில் இன்ஜெக்டர் ஸ்விட்ச்: எத்தனை வைக்கலாம், எதை விட்டுவிடலாம்

சொந்தமாக விமானம் கட்டி அதில் மாஸ்டாவின் 13பி ரோட்டரி கார் இன்ஜினைப் பொருத்துகிறவர்களுக்கு, பேனலில் துளை போடும் நாளன்று தவறாமல் ஒரு சந்தேகம் வரும். ஈசியூ (இன்ஜினை நடத்தும் கணினிப் பெட்டி) இரண்டு வைத்தாயிற்று, பெட்ரோல் பம்ப் இரண்டு வைத்தாயிற்று, அப்படியே பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர்களுக்கும் ஆளுக்கொரு ஸ்விட்ச் போட்டுவிடலாமா? நானும் நான்கு ஸ்விட்ச்சுக்கு இடம் ஒதுக்கிப் படம் போட்டு வைத்திருந்தேன். கடைசியில் பேனலில் ஏறியது இரண்டுதான். அந்த இரண்டையும் எப்படித் தேர்ந்தெடுத்தேன், எப்படி வயர் போட்டேன், எப்படிச் சோதித்தேன் என்பதைச் சொல்கிறேன். உங்கள் இன்ஜினில் கணக்கு கொஞ்சம் மாறலாம், ஆனால் யோசிக்கும் வழி ஒன்றுதான்: இந்த ஸ்விட்ச் எந்தப் பழுதுக்கு என்று கேட்டால் அந்தப் பழுதின் பெயரைச் சொல்லத் தெரிய வேண்டும். தெரியவில்லையா, அந்த ஸ்விட்ச் வேண்டாம். ஒவ்வொரு ஸ்விட்ச்சும் அதன் இரண்டு முனைகளும் தாங்களே பழுதாகக்கூடியவை.

முதலில் அமைப்பு. 13பி-யில் ரோட்டர் (பிஸ்டனுக்குப் பதிலாகச் சுழலும் முக்கோணத் துண்டு) இரண்டு, இன்ஜெக்டர் நான்கு. ரோட்டருக்கு ஒரு பிரைமரி, ஒரு செகண்டரி. பிரைமரி இரண்டும் நடு ஹவுசிங்கில் காற்று நுழையும் போர்ட்டை ஒட்டி இருக்கும், செகண்டரி மேலே காற்றுக் குழாயான மேனிஃபோல்டில். குறைந்த பவரில் பிரைமரி மட்டும் வேலை செய்யும். ஒரு குறிப்பிட்ட அளவைத் தாண்டியதும் செகண்டரியும் சேர்ந்துகொள்ளும், அப்போது ஈசியூ பிரைமரியின் திறப்பு நேரத்தைக் குறைத்துக்கொள்ளும். இதை ஸ்டேஜிங் என்பார்கள். அப்புறம், இன்ஜெக்டரின் ஒரு காலில் 12 வோல்ட் எப்போதும் நிற்கும், மறுகாலை ஈசியூ கிரவுண்டுக்கு இழுக்கும்போதுதான் அது திறக்கும். இந்த இரண்டு விஷயங்களையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே வரும் எல்லாமே இவற்றில்தான் போய் நிற்கிறது.

சரி, பாதி இன்ஜெக்டர்களை வைத்துப் பறக்க முடியுமா? 1986 முதல் 1991 வரை வந்த இரண்டாம் தலைமுறை ஆர்எக்ஸ்-7-இன் டர்போ இல்லாத இன்ஜினில் இருப்பவை நிமிடத்துக்கு 460 சிசி விடுபவை. இரண்டு சேர்ந்தால் 920 சிசி. எந்த இன்ஜெக்டரையும் 80 சதவீதத்துக்கு மேல் திறந்து வைக்கக் கூடாது என்று எடுத்துக்கொண்டால் 736 சிசி, அதாவது மணிக்கு 44 லிட்டர். ஒரு குதிரைத்திறனுக்கு மணிக்கு அரை பவுண்டு பெட்ரோல் என்ற வழக்கமான கணக்கில் இது சுமார் 140 குதிரைத்திறன். கொஞ்சம் ரிச்சாக, அதாவது பெட்ரோலைக் கூட்டி ஓட்டினால் 120-க்குப் பக்கத்தில் வரும். இரண்டு பேர் உட்காரும், கிட்டாக வாங்கிக் கட்டும் ஆர்வி வகை விமானம் உயரம் இழக்காமல் பறக்க இதைவிட நிறையக் குறைவே போதும். ஆகவே ஒரு ஜோடி போனாலும் இன்னொரு ஜோடி வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்க்கும். இந்தக் கணக்கை உங்கள் இன்ஜெக்டருக்கும் உங்கள் எரிபொருள் அழுத்தத்துக்கும் நீங்களே ஒருமுறை போட்டுப் பாருங்கள், அடுத்தவர் எண்ணை அப்படியே எடுக்காதீர்கள்.

இப்போது பழுதுகள். ஸ்விட்ச்சைப் பற்றிய தீர்ப்பு இங்கேதான் இருக்கிறது.

இன்ஜெக்டரில் தூசு அடைத்துக்கொண்டது என்று வையுங்கள். ஸ்விட்ச்சால் ஒரு பயனும் இல்லை, அதற்கு மருந்து நல்ல ஃபில்டர். கனெக்டர் கழன்றது, உள்ளே இருக்கும் கம்பிச்சுருள் (காயில்) அறுந்தது என்றாலும் அதே கதைதான், ஏற்கெனவே வேலை செய்யாத ஒன்றை அணைத்து என்ன கிடைக்கப்போகிறது? அங்கே கைகொடுப்பது மிக்சர் குமிழ், அதாவது பெட்ரோலின் அளவைக் கூட்டிக் குறைக்கும் குமிழ். ஈசியூ செத்துவிட்டது என்றால் தேவை ஈசியூவை மாற்றும் ஸ்விட்ச், அது தனிச் சமாச்சாரம். எல்லா இன்ஜெக்டருக்கும் ஒரே ஃபியூஸ் வழியாக மின்சாரம் கொடுத்திருந்து அந்த ஃபியூஸ் போனால், பேனலில் எட்டு ஸ்விட்ச் இருந்தாலும் இன்ஜின் நின்றுவிடும்.

இன்ஜெக்டரின் ஊசி திறந்தபடியே சிக்கிக்கொள்வதும் உண்டு. ஸ்விட்ச்சை அணைத்தால் மூடிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். மூடாது. அங்கே தடை இயந்திரத்தில் இருக்கிறது, மின்சாரத்தில் இல்லை. அப்போது செய்யக்கூடியது த்ராட்டிலைத் திறப்பது: காற்று கூடக்கூட அந்த ரோட்டரில் பெட்ரோலின் மிகுதி குறையும். நிமிடத்துக்கு 460 சிசி என்பது 180 குதிரைத்திறனில் ஓடும்போது ஒரு ரோட்டர் கேட்கும் அளவுக்கு ஏறக்குறையச் சமம். அதனால் முழு த்ராட்டிலில், சிக்கியது பிரைமரியாக இருந்து செகண்டரியை அணைத்துவிட்டால், அந்த ரோட்டர் ஒழுங்காகவே எரிய வாய்ப்பு இருக்கிறது.

மிச்சம் ஒன்றுதான். ஈசியூவுக்குள் இன்ஜெக்டரைக் கிரவுண்டுக்கு இழுக்கும் டிரைவர் ஷார்ட் ஆகிவிடுவது, அல்லது இன்ஜெக்டரில் இருந்து ஈசியூவுக்குப் போகும் வயர் எங்கேயாவது உராய்ந்து உலோகத்தைத் தொடுவது. இரண்டிலும் விளைவு ஒன்றே. கிரவுண்டு கிடைத்துவிட்டது, 12 வோல்ட் ஏற்கெனவே நிற்கிறது, இன்ஜெக்டர் முழுக்கத் திறந்து மணிக்கு 27 லிட்டருக்கு மேல் ஒரே ரோட்டரில் கொட்டும். ஈசியூவை மாற்றினாலும் வயர் ஷார்ட் போகாது. இதற்குத்தான் இன்ஜெக்டர் ஸ்விட்ச். 12 வோல்ட் பக்கத்தை வெட்டினால் இன்ஜெக்டர் உடனே மூடிக்கொள்ளும்.

எனக்கு இது தரையிலேயே நடந்தது. இன்ஜினுக்கும் இருக்கைக்கும் நடுவில் உள்ள உலோகத் தடுப்பான ஃபயர்வாலில், வயர் கட்டு நுழையும் ஓட்டையில் ரப்பர் வளையம் ஒரு பக்கம் கிழிந்திருந்தது, நான் பார்க்கவில்லை. இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போதே திடீரென்று கறுப்புப் புகை, தடதடவென்று ஆட்டம், நான் சுதாரிப்பதற்குள் நின்றும் போனது. அதற்குள் ஒரு ரோட்டர் முழுக்க நனைந்துவிட்டது. ரோட்டரியில் அதிகப் பெட்ரோல் ரோட்டரின் முனைகளில் இருக்கும் அபெக்ஸ் சீல்களின் மேல் இருக்கும் எண்ணெய்ப் படலத்தைக் கழுவிவிடும், கம்ப்ரஷன் விழுந்துவிடும், அப்புறம் ஸ்டார்ட் ஆக அடம் பிடிக்கும். அன்றைக்கு என் விமானத்தில் இன்ஜெக்டர் ஸ்விட்ச் கிடையாது. அந்த வாரமே படத்தைத் திருத்தி வரைய உட்கார்ந்தேன்.

சரி, எத்தனை? மூன்று வழிகள் இருக்கின்றன. நான்கு இன்ஜெக்டருக்கு நான்கு ஸ்விட்ச். ரோட்டருக்கு ஒன்றாக இரண்டு. பிரைமரிக்கு ஒன்று, செகண்டரிக்கு ஒன்று என இரண்டு. நான்கு ஸ்விட்ச் காகிதத்தில் அழகாக இருக்கும், ஆனால் இன்ஜின் குலுங்கும்போது எது கெட்டது என்று நான்கில் தேடிக்கொண்டிருக்க யாருக்கும் நேரம் இருக்காது. ரோட்டர் வாரியாகப் பிரித்தால் ஒரு பக்கத்தை அணைத்தவுடன் ஒரு ரோட்டர் சும்மா சுற்றும் சுமையாகிவிடும், மற்றது அதையும் இழுத்துக்கொண்டு விமானத்தையும் தூக்க வேண்டும். பிரைமரி, செகண்டரி என்று பிரித்தால் எந்த ஜோடியை அணைத்தாலும் இரண்டு ரோட்டருக்கும் பெட்ரோல் போகும். என் மனதில் இதில் சந்தேகமே இல்லை, மூன்றாவதுதான்.

ஆனால் ஒரு பெரிய ஆனால். நீங்கள் ஒரு ஜோடியை அணைத்தது ஈசியூவுக்குத் தெரியுமா? தெரியாவிட்டால் என்ன ஆகும் என்று மெதுவாக யோசித்துப் பாருங்கள். ஸ்டேஜிங்கிற்கு மேலே பறக்கும்போது ஒரு ஜோடியை வெட்டினால் பெட்ரோல் ஏறக்குறையப் பாதியாகும், காற்றும் பெட்ரோலும் 12.5-க்கு 1 என்று இருந்தது 25-க்கு 1 ஆகும், அது எரியவே எரியாது. நீங்கள் காப்பாற்றப் போட்ட ஸ்விட்ச்சே இன்ஜினை நிறுத்திவிடும். செகண்டரியை வெட்டியிருந்தால் த்ராட்டிலைக் குறைத்து ஸ்டேஜிங்கிற்குக் கீழே வந்தால் போதும், பிரைமரி தனியாகப் பார்த்துக்கொள்ளும். பிரைமரியை வெட்டியிருந்தால் இதற்கு நேர் எதிர்: மிக்சரை ரிச் பக்கம் திருகி பவரைப் பிடித்து வைத்திருக்க வேண்டும். ஓடுபாதை தெரிகிறது என்று இறங்கும் பாதையில் த்ராட்டிலை இழுத்தீர்களோ, ஈசியூ செகண்டரியை மூடிவிடும், பிரைமரியை நீங்களே மூடியிருக்கிறீர்கள், பெட்ரோல் முழுசாக நின்றுபோகும். ஓடுபாதைக்கு நிச்சயமாகப் போய்ச் சேருவோம் என்ற உயரமும் தூரமும் கைக்கு வரும்வரை த்ராட்டிலில் கை வைக்காதீர்கள். இதை பேனலில் ஸ்விட்ச்சுக்குக் கீழேயே எழுதி ஒட்டுங்கள்.

இந்தத் தலைவலியைக் குறைக்க ஒரு வழி இருக்கிறது. உங்கள் ஈசியூவில் இந்த ஜோடி இல்லை என்று சொல்ல ஒரு இன்புட் இருந்தால், ஒரே நேரத்தில் இரண்டு தனி சர்க்யூட்டை மாற்றும், இரண்டு போல் உள்ள டாகிள் ஸ்விட்ச் வாங்குங்கள். ஒரு போல் 12 வோல்ட்டை வெட்டட்டும், இன்னொரு போல் ஈசியூவுக்குத் தகவல் சொல்லட்டும். ஈசியூ மிச்ச ஜோடியின் திறப்பு நேரத்தைத் தானே இரட்டிப்பாக்கிக்கொள்ளும், எங்கேயும் ஸ்டேஜிங் என்ற பேச்சே இருக்காது. ஈசியூ வாங்குமுன் விற்பவரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வியாக நான் இதைத்தான் சொல்வேன். இரட்டிப்புக்கு நேரம் இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்: 6000 ஆர்பிஎம்-இல் ஷாஃப்ட் ஒரு சுற்றுக்கு 10 மில்லிசெகண்ட், ரோட்டருக்குச் சுற்றுக்கு ஒருமுறை பெட்ரோல், ஆக 80 சதவீதம் என்றால் 8 மில்லிசெகண்ட்தான் கையில் இருக்கிறது.

வயரிங்கில் அதிகம் சொல்ல ஒன்றும் இல்லை. மல்டிமீட்டரில் இன்ஜெக்டரை அளந்து பாருங்கள். 12 முதல் 16 ஓம் காட்டினால் ஒன்றுக்கு சுமார் 1 ஆம்பியர், ஜோடிக்கு 2. ஜோடிக்கு ஒரு 5 ஆம்பியர் ஃபியூஸ், 22 கேஜ் விமான வயர் போதும். இரண்டு ஓம், மூன்று ஓம் என்று காட்டினால் அது வேறு வகை, ஈசியூ அதை ஓட்டுமா என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். இரண்டு ஜோடிக்கும் ஃபியூஸும் மின்சாரம் வரும் வழியும் தனித்தனியாக இருக்கட்டும். நடுவில் ரிலே வேண்டாம், 2 ஆம்பியரை ஸ்விட்ச்சே தாங்கும். ஸ்விட்ச் வாங்கும்போது டிசி மதிப்பைப் பாருங்கள், ஏசி மதிப்பு மட்டும் அச்சிட்டிருந்தால் வைத்துவிடுங்கள். இழுத்துத் தூக்கினால்தான் அசையும் பூட்டு வகை டாகிளாக இருந்தால் முழங்கை பட்டு அணையாது. விளக்கு ஸ்விட்ச்சுகளின் வரிசையில் இதை வைக்கவே கூடாது. உலோகத்தைத் தாண்டும் ஒவ்வொரு இடத்திலும் ரப்பர் வளையம் போடுங்கள், போட்டதை வருடா வருடம் விரலால் தடவிப் பாருங்கள்.

சோதிப்பதில் ஒரு பொறி இருக்கிறது. ஈசியூவுக்குத் தகவல் போகாத அமைப்பில், ஐடிலில் (த்ராட்டிலை முழுக்கக் குறைத்து ஓடும்போது) பிரைமரியை அணைத்தால் இன்ஜின் உடனே சாகும், ஸ்விட்ச் வேலை செய்கிறது என்று தெரிந்துவிடும். ஆனால் ஐடிலில் செகண்டரியை அணைத்தால் ஒன்றுமே நடக்காது, ஏனென்றால் அது ஓடவே இல்லை. அதைப் பார்த்துவிட்டு எல்லாம் சரி என்று நினைத்துவிடாதீர்கள். விமானத்தை நன்றாகக் கட்டிப் போட்டு, ஸ்டேஜிங்கிற்கு மேலே பவரை ஏற்றி, செகண்டரியை அங்கே அணைத்துப் பாருங்கள், அப்புறம் பிரைமரியை. எக்ஸாஸ்ட் வெப்பநிலை எங்கே போகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். ஈயம் கலந்த விமானப் பெட்ரோலான 100எல்எல் ஊற்றுகிறவர்கள் ஆக்சிஜன் சென்சாரை மட்டும் நம்ப வேண்டாம், ஈயம் அதைச் சீக்கிரம் கெடுத்துவிடும். தரையில் திருப்தியானபிறகு வானத்தில். அமெரிக்காவில் சான்றிதழ் இல்லாத இன்ஜினுக்கு வழக்கமாகக் கொடுக்கும் 40 மணி நேரச் சோதனைக் காலம் இதற்கெல்லாம்தான் இருக்கிறது. ஓடுபாதைக்கு நேர் மேலே, இன்ஜின் நின்றாலும் சறுக்கி இறங்கிவிடக்கூடிய உயரத்தில், ஒவ்வொரு ஜோடியையும் அணைத்துப் பறந்து பாருங்கள். த்ராட்டிலை எந்த அளவுக்குக் குறைத்தால் இன்ஜின் தடுமாறுகிறது என்ற எண் அப்போதுதான் உங்களுக்குக் கிடைக்கும்.

இன்ஜின் நனைந்துவிட்டால் இதே ஸ்விட்ச்சுகள் தரையில் இன்னொரு வேலைக்கும் ஆகும். இரண்டு ஜோடியையும் அணைத்து, த்ராட்டிலை முழுக்கத் திறந்து, ப்ரொப்பெல்லர் பக்கம் யாரும் இல்லை என்று பார்த்துவிட்டு, விட்டு விட்டு ஸ்டார்ட்டரை ஓட்டுங்கள். மிகுதிப் பெட்ரோல் வெளியே போகும். ஆர்எக்ஸ்-7 வைத்திருப்பவர்கள் ஃபியூஸைப் பிடுங்கிவிட்டுச் செய்யும் அதே வேலைதான், இங்கே சீட்டில் உட்கார்ந்தபடியே முடிகிறது.

பறக்கும்போது இன்ஜின் தடுமாறினால் நான் வைத்திருக்கும் வரிசை இது: மூக்கை இறக்கி வேகத்தைப் பிடி, இரண்டாவது பம்பைப் போடு, ஈசியூவை மாற்று, மிக்சரை இரு பக்கமும் திருகிப் பார். இவ்வளவுக்குப் பிறகும் கறுப்புப் புகையும் ஆட்டமும் நிற்கவில்லை என்றால்தான் இன்ஜெக்டர் ஸ்விட்ச்: முதலில் செகண்டரி, மூன்று எண்ணும் வரை பார், மாற்றம் இல்லையென்றால் திரும்பப் போடு, அடுத்து பிரைமரி. செகண்டரியை முதலில் வைத்ததற்குக் காரணம், அதை அணைத்தபிறகு த்ராட்டிலைக் குறைக்கலாம், இறங்குவது சுலபம். இன்ஜின் அணைந்து நிற்கும்போது இருக்கையில் உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு, கை தானாகப் போகும்வரை இந்த வரிசையைப் பழகுங்கள்.