அடக்க ஆராதனையில் உயிர்த்தெழுதலைக் குறித்துப் பேசுவது எப்படி?

அடக்க ஆராதனையில் பத்து நிமிடம் பேசும்படி கேட்டுக்கொள்ளப்பட்டவர் உடனே ஆறுதல் வசனம் ஒன்றைத் தேடத் தொடங்குவது வழக்கம். அதற்கு முன், மரித்தவரைக் குறித்துத் தாம் உண்மையில் எதை நம்புகிறார் என்பதை ஒரே வாக்கியத்தில் எழுதிப் பார்த்துவிட வேண்டும். "ஆத்துமா பரலோகத்துக்குப் போய்விட்டது" என்பதோடு அந்த வாக்கியம் முடிந்துவிட்டால், கிறிஸ்தவ நம்பிக்கையில் பாதிதான் எழுதப்பட்டிருக்கிறது என்று பொருள். தேகத்தைவிட்டுப் பிரிந்து கிறிஸ்துவுடனே இருக்கும் ஆசையைப் பவுல் பிலிப்பியருக்கு எழுதியது உண்மையே. ஆயினும் அதே நிருபத்தின் மூன்றாம் அதிகாரத்தில், இந்த அற்பமான சரீரத்தையே கிறிஸ்து மறுரூபப்படுத்துவார் என்றும் அவர் எழுதுகிறார். நாம் ஆராதனைதோறும் சொல்லும் விசுவாசப் பிரமாணமும் "சரீரம் உயிர்த்தெழுதல்" என்றே சொல்கிறது. கண்முன்னே கிடத்தப்பட்டிருக்கும் இந்த உடலுக்கும் ஒரு நாளை உண்டு என்பதுதான் பேச வேண்டிய செய்தி.

அடுத்து, ஒரே ஒரு வேதபகுதியைத் தெரிந்துகொள்ளுங்கள். நான் பெரும்பாலும் யோவான் 11ஆம் அதிகாரத்தை எடுக்கிறேன். "நானே உயிர்த்தெழுதலும் ஜீவனுமாயிருக்கிறேன்" என்னும் 25ஆம் வசனம் எல்லாருக்கும் தெரிந்ததே. அதற்குப் பத்து வசனம் தள்ளி "இயேசு கண்ணீர் விட்டார்" என்றிருப்பதையும் சேர்த்தே வாசிக்க வேண்டும். மரித்து அடக்கம்பண்ணப்பட்டிருந்த தம் சிநேகிதன் லாசரு இன்னும் சற்று நேரத்தில் உயிரோடு கல்லறையைவிட்டு வெளியே வரப்போகிறான் என்று அறிந்திருந்தும் அவர் அழுதார். லாசருவின் சகோதரி மார்த்தாளோ கல்லறையின் வாசலிலேயே, "இப்பொழுது நாறுமே, நாலுநாளாயிற்றே" என்கிறாள். மரணத்தை இவ்வளவு நேராகப் பார்க்கும் பகுதியை வாசித்துவிட்டு, அழுதுகொண்டிருப்பவர்களிடம் "அழாதீர்கள், விசுவாசிகள் அழக்கூடாது" என்று சொல்வது எப்படிப் பொருந்தும்? தெசலோனிக்கேயருக்கு எழுதியபோதும் பவுல் துக்கத்தைத் தடுக்கவில்லை. நம்பிக்கையற்றவர்களைப்போலத் துக்கிப்பதைத்தான் வேண்டாமென்றார்.

லாசருவின் கதையை எடுப்பவர் ஒரு வேறுபாட்டைத் தெளிவாக்கியே தீர வேண்டும். லாசரு பிரேதச் சீலைகளால் கைகால் கட்டப்பட்டபடியே வெளியே வருகிறான். மற்றவர்கள்தான் அவனைக் கட்டவிழ்க்க வேண்டியிருந்தது. இயேசுவின் கல்லறையிலோ சீலைகள் அங்கேயே கிடந்தன. அவர் தலையில் சுற்றியிருந்த சீலை தனியே ஓரிடத்தில் சுருட்டி வைக்கப்பட்டிருந்தது. லாசரு திரும்பி வந்தது பழைய வாழ்வுக்கே, ஆகையால் அவன் மறுபடியும் மரிக்க வேண்டியவன். இயேசுவோ இனி மரிப்பதில்லை. நமக்கு வாக்களிக்கப்பட்டிருப்பது இரண்டாவது வகை. இதை விளக்காவிட்டால், "அப்படியானால் எங்கள் பிள்ளையை ஏன் எழுப்பவில்லை" என்ற கேள்வி கேட்பவர் மனத்தில் முள்ளாகத் தங்கிவிடும்.

"எழுப்பப்படும் உடல் எப்படியிருக்கும்" என்று கேட்பவருக்கு 1 கொரிந்தியர் 15ஆம் அதிகாரத்தின் விதை உவமையே போதும். விதைப்பது வெறும் தானியம், முளைப்பது வேறொரு மேனி. ஆனாலும் முளைத்தது அந்த விதைதான், வேறொன்றல்ல. இதற்கு மேல் வயது, உருவம், வடு என்று கற்பனையை ஓடவிடாதீர்கள். ஒருமுறை நான் அந்த அதிகாரத்தின் 58 வசனங்களையும் வாசித்து, உயிர்த்தெழுந்தவரை ஐந்நூறுபேருக்கு அதிகமானவர்கள் கண்டதையும் விரிவாக வாதிட்டேன். முன்வரிசையில் இருந்த மூதாட்டி ஒருவர், தொடக்கம் முதல் முடிவுவரை, பெட்டியின் விளிம்பிலிருந்து கையை எடுக்கவேயில்லை. அவருக்கு விதையைப் பற்றிய இரண்டு வசனங்கள் போதுமாயிருந்திருக்கும்.

சில வாக்கியங்களை முன்கூட்டியே அடித்துவிடுங்கள். "தோட்டக்காரர் தமக்குப் பிடித்த பூவைப் பறித்துக்கொண்டார்" என்பது கேட்க இனிமையானது. ஆனால் பெற்றவள் காதில் அது கடவுளைத் திருடனாக்குகிறது. மரணத்தை நண்பன் என்றோ இயற்கை என்றோ மெழுகவும் வேண்டாம். பவுல் அதைக் கடைசிச் சத்துரு என்கிறார், பரிகரிக்கப்படப் போகிற சத்துரு. மரித்தவரின் முடிவைக் குறித்துத் தீர்ப்புச் சொல்வதும், அந்தச் சந்தர்ப்பத்தைப் பயன்படுத்தி உயிரோடிருப்பவர்களைப் பயமுறுத்துவதும் நம் வேலையல்ல.

எழுதியதை ஒருமுறை உரக்க வாசித்துப் பாருங்கள். மரித்தவரின் பெயர் சரியாக வருகிறதா என்று வீட்டாரிடமே கேட்டுக்கொள்ளுங்கள். கல்லறையருகே புதிதாக எதையும் சொல்லத் தேவையில்லை. "அழிவுள்ளதாய் விதைக்கப்படும்" என்று வாசித்து நிறுத்துங்கள். மண் விழும் ஓசை அடங்கட்டும். பிறகு, "அழிவில்லாததாய் எழுந்திருக்கும்" என்று வாசியுங்கள்.